பெரியப்பா நிற்கும் இடம்

பெரியப்பா அறைக்குள் வந்தால் எண் ஏறும். வெளியே போனால் இறங்கும்.

முதலில் அவள் அதைத் தற்செயல் என்று நினைத்தாள். பிறகு நினைப்பதை விட்டுவிட்டுத் தலையைப் பிய்த்துக்கொள்ள ஆரம்பித்தாள். யாரிடம் போய்ச் சொல்வது? லேசருக்கு ஆள் தெரியுமா? முதலாளி வந்திருக்கிறார், கொஞ்சம் பதறி வைப்போம் என்று அதற்குத் தோன்றுமா? இயற்பியலில் முதுகலை முடித்துவிட்டு, ‘எங்க பெரியப்பா பக்கத்துல வந்தா ஒளி கெட்டுப்போகுது’ என்று வாயைத் திறந்தால், கொடுத்த பட்டத்தை வந்து திரும்ப வாங்கிக்கொண்டு போவார்கள்.

பெரியப்பா அவளுடைய அப்பாவின் அண்ணன். பல்பு வியாபாரத்திலிருந்து வந்து, லேசர் செய்யும் இந்தப் பட்டறைக்கு முதலாளி ஆனவர். பல்பில் ஒரே கேள்விதான்: எரிகிறதா, எரியவில்லையா? லேசரில் எரிந்தாலும் போதாது, எப்படி எரிகிறது என்று ஒரு பெண் அறையைப் பூட்டிக்கொண்டு அரை நாள் பார்க்க வேண்டும் என்பது அவருக்கு இன்னும் சீரணமாகவில்லை.

பட்டறையில் லேசர்களைச் சேர்த்துப் பூட்டுகிறவரை எல்லோரும் நட்டு அண்ணன் என்பார்கள். உதட்டில் எப்போதும் ஒரு சின்ன நட்டைக் கவ்விக்கொண்டிருப்பார். பாதிப் பேச்சு மூக்கு வழியாகத்தான் வரும். அவர் முடித்த லேசர் அவளுடைய அறைக்கு வரும். அவள் அளந்து சரி என்றால்தான் பெட்டிக்குள் போகும். வாய் பேசாமல் உட்கார்ந்துகொண்டு, ஆறு நாள் வேலையை ஒரே எண்ணால் திருப்பி அனுப்பிவிடுகிறாளே என்ற கடுப்பில் அவர்தான் அவளுக்கு அமுக்குணி என்று பேர் வைத்தார். பேர் நிலைத்துவிட்டது.

அந்த எண்ணுக்குப் பட்டறையில் எம் ஸ்கொயர் என்று பெயர். ஒளிக்கற்றையை ஒரு வில்லையால் குவித்தால் எவ்வளவு சிறிய புள்ளியாகக் குவியும், குவிந்த பிறகு எவ்வளவு சீக்கிரம் விரியும் என்பதைச் சேர்த்துச் சொல்கிற எண். ஒன்று என்றால் உச்சம். இயற்கை அதற்குக் கீழே யாருக்கும் சலுகை தருவதில்லை. ஒன்று புள்ளி இரண்டுக்குள் இருந்தால் வாங்குகிறவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அதைத் தாண்டினால் புள்ளி பெருத்துவிடும், லேசர் போடும் வெட்டு பிசிறும், லேசர் வந்த வழியே திரும்பும்.

இப்போது மேசையில் இருந்த லேசர் தனியாக இருக்கும்போது ஒன்று புள்ளி ஒன்று எட்டு. பெரியப்பா முன்னிலையில் ஒன்று புள்ளி நான்கு.

“என்ன பாப்பா இது? காலையில போன்ல நல்லா இருக்குன்ன. இப்போ பாத்தா நாலுங்குது.”

“நல்லாத்தான் இருந்துச்சு பெரியப்பா.”

“நான் இல்லாதப்போ மட்டும் எப்படிம்மா நல்லா வரும்? நான் என்ன கண்ணு போடுறேனா?”

அவள் விசைப்பலகையைப் பார்த்தாள். பெரியப்பா பேசும்போது அவருடைய முகத்தைப் பார்க்கிற பழக்கம் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே கிடையாது.

“பாரு கண்ணு, உன்மேல எனக்குக் கோவமே கிடையாது. உனக்கும் சும்மா இந்த இருட்டு ரூம்ல எதுக்கு அவஸ்தை? அளக்குறதுக்குன்னே வெளியில ஆளு இருக்காங்க. அனுப்பினா அளந்து சீட்டு குடுத்துடுவாங்க. இந்த ரூமை சாமான் வைக்க வெச்சுக்கலாம். நீ முன்னாடி வந்து நிம்மதியா உக்காரு. போன் எடு, வர்றவங்ககிட்ட நாலு வார்த்தை சிரிச்சுப் பேசு. வியாழக்கிழமை லேசர் வாங்க அந்த மேடம் வர்றாங்க, அவங்க முன்னாடி இப்படி ஏறி இறங்குச்சுன்னா எனக்கு வேற வழி இல்ல.”

சொல்லிவிட்டு அன்பாக அவளுடைய தலையில் தட்டிவிட்டுப் போனார். கதவு மூடியது. அவள் மறுபடி அளந்தாள். ஒன்று புள்ளி ஒன்று எட்டு.

கணினித் திரையை ஓங்கி ஒரு அறை விடலாமா என்று இருந்தது.

தொலைபேசி மணி அடித்தாலே அவள் வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள். எதிர்முனையில் யாரோ, என்ன கேட்பார்களோ, என்ன உளறுவோமோ. சிரித்து நாலு வார்த்தை என்றால் அந்த நாலையும் முந்தின நாளே ஒத்திகை பார்க்க வேண்டும். இந்த அறையில் அந்தத் தொல்லை இல்லை. சுற்றிலும் கறுப்புத் திரை, நடுவில் வரிசையாகத் துளை போட்ட எஃகு மேசை, அதன்மேல் லேசர், வில்லை, ஒளியை மட்டுப்படுத்தும் கண்ணாடி வடிகட்டிகள், தண்டவாளம் போன்ற பாதையில் முன்னும் பின்னும் நகரும் கேமரா. கேட்டால் பதில் சொல்லும். கேட்காவிட்டால் சும்மா இருக்கும். உலகத்தில் அவளோடு ஒத்துப்போன ஒரே அறை இது. இதைப் போய் அட்டைப் பெட்டி அடுக்கக் கொடுப்பதா?

அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பெரியப்பா மேசையில் கை ஊன்றுவார்; அதனால் மேசை அசைகிறதோ? ‘கை வைக்காதீங்க’ என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் நிற்கிற இடத்தில் ஒரு நாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்டாள். அவர் நாற்காலியைத் தள்ளி வைத்துவிட்டு அங்கேயே நின்றார். அங்கிருந்துதான் திரை தெரிகிறதாம். அடுத்த தடவை அவர் ஊன்றவே இல்லை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். எண் அப்போதும் ஏறியது. கதவு திறப்பதால் காற்று வருகிறதோ? கதவைத் திறந்து வைத்தே அளந்தாள். எண் அசையவில்லை. விளக்கை அணைத்துப் பார்த்தாள், போட்டுப் பார்த்தாள், ஏசியை நிறுத்திவிட்டு வியர்க்க வியர்க்க அளந்தாள். எதற்கும் அசையாத எண், பெரியப்பாவின் செருப்புச் சத்தத்துக்கு மட்டும் எழுந்து நிற்கிறது.

கடைசியில் வெட்கத்தை விட்டு நட்டு அண்ணனிடம் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை, தன் லேசரைப் பற்றிய விஷயமாயிற்றே.

“அப்போ என் சரக்குல குறை இல்லைங்கிற?”

“இல்லண்ணா.”

“அதை முதல்ல சத்தமா சொல்லு.”

“கொஞ்சம் அங்க வந்து நில்லுங்கண்ணா. பெரியப்பா நிக்கிற இடத்துல.”

நட்டு அண்ணன் நின்றார். ஒன்று புள்ளி ஒன்று எட்டு. கை ஊன்றினார். அதேதான். பெரியப்பா மாதிரியே தொண்டையைச் செருமி, “என்ன பாப்பா இது?” என்றார். எண் மசியவில்லை.

“நான் நின்னா ஒண்ணும் ஆகல பாரு. ஒல்லிப்பிச்சான்னு லேசருக்குக்கூட இளக்காரம்.” உதட்டிலிருந்த நட்டை எடுத்துவிட்டு யோசித்தார். “சட்டையா இருக்குமோ? முதலாளி வெள்ளைச் சட்டை, நான் காக்கி. வெள்ளை, வெளிச்சத்தைத் திருப்பி அடிக்குமே.”

அவளுக்கும் அது சரியாகப் பட்டது. பட்டறையில் கருநீல மேலங்கி ஒன்று இருந்தது. வாங்க வருகிறவர்கள் முன்னால் எல்லோரும் மேலங்கி போட்டால் மதிப்பாக இருக்கும் என்று நட்டு அண்ணன்தான் பெரியப்பாவிடம் போய்ச் சொன்னார். மதிப்பு என்ற வார்த்தைக்கு அவர் எப்போதும் மடங்குவார். போட்டுக்கொண்டார். வயிற்றுக்கு மேலுள்ள பொத்தான் மட்டும் சேர மறுத்தது. இழுத்துப் பிடித்து மாட்டினார். வந்து நின்றார்.

ஒன்று புள்ளி நான்கு ஒன்று.

அவள் மூக்கால் மூச்சு விட்டாள். சட்டையும் இல்லை. வேறு என்னதான் பாக்கி? ஆளேதான் பாக்கி.

அன்று சாயங்காலம் பெரியம்மா போன் செய்தாள். பெரியம்மா என்பதால் எடுத்தாள்.

“ஏன்டி, உங்க பெரியப்பா மத்தியானம் என்ன சாப்பிட்டாரு? மறைக்காம சொல்லு.”

“நான் பாக்கல பெரியம்மா.”

“நீ எதைத்தான் பாக்குற? நடக்கச் சொன்னா நடக்குறது இல்ல. தொப்பை அவருக்கு முன்னாடி வாசல்ல நுழையுது. மனுஷன் வந்து சேர அப்புறம் ஒரு நிமிஷம் ஆகுது.”

அவள் சிரிக்காமல் “சரி பெரியம்மா” என்று வைத்தாள். தலைக்கு மேல் ஆயிரம் இருக்கும்போது பெரியம்மாவுக்குத் தொப்பைக் கவலை.

வியாழக்கிழமை அந்த அம்மா வந்தார். நூல் கனத்தில் உள்ள உலோகக் குழாய்களில் துளை போடும் எந்திரங்கள் செய்கிற கம்பெனிக்காரர். இந்த லேசர் தேறினால் வருடம் முழுக்க வாங்குவார்கள். நரைத்த கிராப்பு, தட்டையான செருப்பு, பையில் சொந்தமாகவே ஒரு பாதுகாப்புக் கண்ணாடி. நலம் விசாரிக்கவில்லை, உட்காரவில்லை.

“யாரு அளக்குறது?”

“நம்ம பொண்ணுதான் மேடம், தம்பி மக,” என்று பெரியப்பா ஆரம்பிப்பதற்குள் அவருக்கு வெளியே போன் வந்துவிட்டது. அவள் கடவுளுக்கு நன்றி சொன்னாள். எல்லோரும் கண்ணாடி மாட்டிக்கொண்டார்கள். கேமரா பாதையில் நகர்ந்து, இடத்துக்கு இடம் ஒளியின் அகலத்தைப் பிடித்து முடித்தது. ஒன்று புள்ளி ஒன்று எட்டு. அந்த அம்மா தலையை லேசாக அசைத்தார்.

“இன்னொரு தடவை.”

அப்போது கதவு திறந்தது. கருநீல மேலங்கியோடு பெரியப்பா கண்ணாடியை மாட்டியபடி உள்ளே வந்து, வழக்கமான இடத்தில், வழக்கம்போல் மேசை விளிம்போடு ஒட்டி நின்றார். கேமரா நகர்ந்தது. ஒன்று புள்ளி நான்கு இரண்டு.

பெரியப்பாதான் முதலில் வாயைத் திறந்தார்.

“இதைத்தான் மேடம் நானும் சொல்லிட்டே இருக்கேன். சின்னப் பொண்ணு. நீங்க கவலையே படாதீங்க, இனிமே அளவை வெளியில குடுத்துடப் போறோம்.”

“லேசர்ல ஒண்ணும் இல்ல முதலாளி,” என்றார் கதவோரம் நின்ற நட்டு அண்ணன்.

“நீ சும்மா இரு.”

அந்த அம்மா இருவரையும் கண்டுகொள்ளவில்லை. “கேமராவை ஒளி ரொம்பச் சின்னதா இருக்கிற இடத்துக்குக் கொண்டு போங்க. அங்கேயே நிறுத்துங்க. நகத்தாதீங்க,” என்றார்.

அவள் நிறுத்தினாள். இதுவரை அப்படி நிறுத்திப் பார்த்ததில்லை. கேமரா தானாக ஓடும், கடைசி எண்ணைத்தான் அவள் பார்ப்பாள். இப்போது திரையில் ஒரே இடத்தின் அகலம் மட்டும் தெரிந்தது. அது ஒரே அளவில் நிற்கவில்லை. மெல்ல ஏறியது. மெல்ல இறங்கியது. மறுபடி மெல்ல ஏறியது. மின்சாரக் கோளாறு இப்படி இருக்காது, அது வெடுக்கென்று துள்ளும். மேசை அதிர்வும் இப்படி இருக்காது. இது சாவகாசமாக, தூங்குகிறவர் போல…

அவள் நிமிர்ந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பெரியப்பாவை நேராகப் பார்த்தாள். முகத்தை அல்ல, பொத்தான் திணறிக்கொண்டிருந்த இடத்தை. மூச்சை இழுத்தார்; வயிறு முன்னே வந்தது; எண் ஏறியது. மூச்சை விட்டார், இறங்கியது.

“என்ன மேடம், மூச்சே விடாம பாக்குறீங்க,” என்று பெரியப்பா சங்கடத்தை மறைக்கத் தானே சிரித்தார். வயிறு குலுங்கியது. திரையில் எண்ணும் குலுங்கியது.

“அசையாதீங்க!”

அது யார் குரல் என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவளும் கொஞ்சம் திகைத்தாள்.

“பெரியப்பா, அப்படியே நில்லுங்க. மூச்சை இழுத்துப் பிடிங்க. நகர்ந்தீங்கன்னா… நகராதீங்க, அவ்வளவுதான்.”

பெரியப்பா வாயில் ஈ போவது தெரியாமல் நின்றார். அவள் இழுப்பறையிலிருந்து ஒரு சின்ன அட்டையை எடுத்தாள். இந்த லேசரின் ஒளி அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியாது; அந்த அட்டையில் பட்டால் மட்டும் பட்ட இடம் ஆரஞ்சாக மினுங்கும். மேசையைச் சுற்றி வந்து, அட்டையைப் பெரியப்பாவின் மார்புக்கு நேரே பிடித்தாள். ஒன்றும் இல்லை. கீழே இறக்கினாள். தொப்புளுக்கு ஒரு விரல்கடை மேலே, திணறும் பொத்தானுக்குப் பக்கத்தில், ஆரஞ்சுப் பொட்டு ஒன்று பளிச்சென்று எரிந்தது.

“அட!” என்றார் நட்டு அண்ணன். உதட்டிலிருந்த நட்டு கீழே விழுந்து எங்கோ உருண்டது.

“என்னம்மா அது? என்மேல என்ன விழுது?” பெரியப்பா மூச்சைப் பிடித்தபடியே கேட்டார்.

“லேசர் பெரியப்பா. கொஞ்சூண்டு.”

“ஐயோ!”

“சுடாது. ஆனா நகராதீங்க.”

அவள் அட்டையை அந்தப் பொட்டிலிருந்து பின்னோக்கி, வந்த வழியிலேயே நகர்த்திக்கொண்டு போனாள். பொட்டு அட்டை மேலேயே கூட வந்தது. மேசை விளிம்பு, திருகுகளின் தலை, லேசரின் ஓரம், கடைசியில் வில்லைக்குப் பின்னாலிருந்த வடிகட்டி. அங்கே நின்றது.

அவளுக்குக் காது சூடானது. அந்த வடிகட்டியை நேராக வைத்தால் அதில் பட்டுத் திரும்பும் ஒளி லேசருக்குள்ளேயே போய் அதைக் கெடுக்கும். அதனால் சற்றுச் சாய்த்து வைக்க வேண்டும். சாய்த்தவள் அவள்தான். சாய்த்ததும் சரிதான். சாய்த்தால் அந்தத் திரும்பும் ஒளி வேறு எங்கேயாவது போகுமே, அதைப் பிடிக்க ஒரு தடுப்பு வேண்டுமே என்பதை மட்டும் மறந்திருக்கிறாள். அது நேராக மேசையைத் தாண்டி, யாரும் இல்லாதபோது தூரத்துக் கறுப்புத் திரையில் போய் அடங்கியிருக்கிறது. நட்டு அண்ணனை உரசாமல் தாண்டிப் போயிருக்கிறது. பெரியப்பாவின் வயிறு மட்டும் எட்டி வந்து அதை வாங்கியிருக்கிறது.

சொல்லாமல் ஒரு தடுப்பை எடுத்து வைத்துவிடலாம். கேட்டால், ஏதோ தளர்ந்திருந்தது என்று சொல்லிவிடலாம். அந்த அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என் தப்பு,” என்றாள். “வடிகட்டியைச் சாய்ச்சேன். தெறிக்கிற ஒளிக்குத் தடுப்பு வைக்கல. அது பெரியப்பா மேல பட்டு, அங்கிருந்து சிதறி கேமராவுக்குள்ள வருது. இந்தக் கணக்குல நடுவுல இருக்கிற ஒளியைவிட ஓரத்துல விழறதுக்குத்தான் மதிப்பு ஜாஸ்தி. எவ்வளவு தூரத்துல இருக்கோ, அதோட வர்க்கத்தால பெருக்கும். அதனால துளி வந்தாலும் எண் ஏறிடும்.”

இவ்வளவு நீளமாக அவள் பேசி அந்தப் பட்டறையில் யாரும் கேட்டதில்லை.

“அதுக்குத்தானே நீலக் கோட்டு போட்டோம்?” என்றார் நட்டு அண்ணன்.

“நமக்குத்தான்ணா நீலம். இந்த ஒளிக்கு அதுவும் வெள்ளை மாதிரிதான். எனக்கு அப்போ தோணல.”

அந்த அம்மாவின் முகம் இறுகியிருந்தது. “எண்ணு கெட்டதை விடுங்க. மேசையை விட்டு ஒளி வெளியே போகுது, ஆள் மேல படுது. குனிஞ்சு எதையாவது எடுக்குறவங்க கண்ணுக்கு நேரா வந்திருந்தா? கண்ணாடி போடாத ஒருத்தரா இருந்தா?”

“ஆமா,” என்றாள் அவள்.

“தடுப்பு வைங்க. மேசையைச் சுத்தி அட்டையை ஓட்டுங்க, வேற எங்கயும் போகுதான்னு. அப்புறம் முதல்லேர்ந்து அளங்க. நான் இருக்கேன். சார், நீங்க அங்கேயே நில்லுங்க.”

“நானா? இங்கேயா?”

“அங்கேயேதான்.”

அவள் கறுப்பு அலுமினியத் தகடு ஒன்றை வடிகட்டியின் தெறிப்பு வரும் பக்கம் திருகி நிறுத்தினாள். அட்டையை ஓட்டினாள். எங்கும் மினுங்கவில்லை. அளந்தாள். பெரியப்பா வயிறு முட்ட நின்றார், மூச்சு விட்டார், இரண்டு தடவை இருமினார், ஒரு தடவை கை ஊன்றினார். ஒன்று புள்ளி ஒன்று ஆறு.

“முன்னாடி எட்டு வந்துச்சே?” என்றார் அந்த அம்மா.

அவளும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆள் இல்லாதபோதும் அந்தக் கறுப்புத் திரையில் பட்ட ஒளி துளித்துளியாகத் திரும்பி வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. ஆக, பெரியப்பா இல்லாதபோது வந்த எண்ணும் சுத்தமில்லை. இத்தனை நாள் அதை உயிராக நம்பிக்கொண்டிருந்தாள். எரிச்சலில் உதட்டைக் கடித்தாள்.

“அதுவும் தப்புதான். ஆறுதான் சரி,” என்றாள்.

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் பைக்குள் வைத்தார். “எடுத்துக்கறோம். ஒரு விஷயம் சார். அளவை வெளியில குடுக்காதீங்க. வெளியில குடுத்தா எனக்கு எண்ணுதான் வரும், அது ஏன் வந்துச்சுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. இங்கயே அளக்கட்டும். இவங்களே அளக்கட்டும்.” பிறகு அவள் பக்கம் திரும்பி, “அடுத்த தடவை தடுப்பை மறந்தீங்கன்னா வாங்க மாட்டேன்,” என்றார். சிரிக்கவில்லை.

கார் கிளம்பிப் போன பிறகு பெரியப்பா மேலங்கியின் பொத்தானை விடுவித்து, நிம்மதியாக வயிற்றைத் தடவிவிட்டுக்கொண்டார்.

“அப்போ என்னாலதான் கண்டுபிடிச்சோம்!”

நட்டு அண்ணன் தரையில் தவழ்ந்து நட்டைத் தேடிக்கொண்டே, “ஆமா முதலாளி. உங்க வயிறு மட்டும் இல்லன்னா நாம எல்லாம் நடுத்தெருவுல,” என்றார்.

அந்தக் கேலி பெரியப்பாவின் காதில் ஏறவே இல்லை. சாயங்காலத்துக்குள் பட்டறை முழுக்கச் சொல்லியாகிவிட்டது. பெரியம்மாவுக்கும் போன் போனது: இனிமேல் நடக்கச் சொல்லாதே, இந்த வயிறு கம்பெனிச் சொத்து.

மறுநாள் காலையில் அவள் அறையைத் திறந்து, விளக்கைப் போட்டு, லேசரை ஏற்றி, அது சூடாகி நிலைக்கக் காத்திருந்தாள். மேசை அமைதியாக இருந்தது. சாமான் வைக்கிற பேச்சே எழவில்லை. போன் முன்பக்கத்தில் யாருக்காகவோ அடித்தது, யாரோ எடுத்தார்கள். அந்த நிம்மதி ஒரு டீ ஆறுகிற நேரம்கூட நீடிக்கவில்லை. செருப்புச் சத்தம் கேட்டது.

பெரியப்பா கண்ணாடியை ஒழுங்காக மாட்டிக்கொண்டு உள்ளே வந்தார். வழக்கமான இடத்தில் மேசையோடு ஒட்டி நின்றார். இரண்டு கையையும் விரித்தார்.

“பாப்பா, அந்த அட்டையை எடு. இன்னைக்கு என்மேல எதுவும் விழலையான்னு பாத்துடு.”

“தடுப்பு வெச்சாச்சு பெரியப்பா.”

“வெச்சிருப்ப. அந்த மேடம் என்ன சொன்னாங்க? என்னை இங்கேயே நிக்கச் சொன்னாங்கல்ல? இனிமே தினமும் நான் வர்றேன். நான் நின்னு நீ பாத்தாத்தான் அளவு கரெக்ட்டா இருக்கும்.”

“தினமுமா?”

“ஞாயித்துக்கிழமை லீவு.”

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். கை விரித்தபடி, மூச்சை இழுத்துப் பிடித்து, ரொம்பப் பெருமையாக நின்றார். அவள் இழுப்பறையைத் திறந்து அட்டையை எடுத்தாள்.

“மூச்சை விடுங்க பெரியப்பா,” என்றாள்.